தற்கொலைத் தடுப்பில் வியாபாரம் எங்கே குறுக்கே நிற்கிறது? கடலூர், பாண்டி பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பள்ளிக்கூடம், மகளிர் குழு, உழவர் கூட்டம் என்று கடலூர் மாவட்டத்திலும் பாகூர், வில்லியனூர் பக்கமும் பேசப் போகிற இடத்தில் எல்லாம் ஏறக்குறைய இதே கேள்விகள்தான் வருகின்றன. வாயால் சொல்லும்போது ஏதாவது ஒன்று விட்டுப்போகிறது, அதனால் எழுதி வைக்கிறேன். படிக்கிற நீங்களே இப்போது தாங்க முடியாத நிலையில் இருந்தால் மிச்சத்தை அப்புறம் படித்துக்கொள்ளலாம், முதலில் 14416-க்குப் போன் போடுங்கள். டெலி மானஸ் என்று பெயர், தமிழில் பேசலாம், காசு கிடையாது, இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள். தமிழ்நாட்டில் 104-ம் உண்டு. இன்னொன்று: இந்தப் பக்கத்தில் எந்தப் பூச்சிமருந்தின் பெயரும் இருக்காது, யார் எப்படி என்ற விவரமும் இருக்காது. தெரிந்தேதான் விட்டிருக்கிறேன்.

தற்கொலை மனசு சம்பந்தப்பட்டது. இதில் வியாபாரம் எங்கே வந்தது?

மனசும் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022-ம் ஆண்டுக் கணக்கைப் பாருங்கள். நாடு முழுக்க 1,70,924 பேர். லட்சம் பேருக்கு 12.4 என்று வருகிறது. தமிழ்நாட்டில் அதுவே 25.9, புதுச்சேரியில் 29.7. நாட்டுச் சராசரியைப் போல பாண்டியில் இரண்டு மடங்குக்கு மேல். இறந்தவர்களில் நான்கில் ஒருவருக்கு மேல் தினக்கூலிக்குப் போகிறவர். இத்தனை பேருக்கும் மூளையில்தான் கோளாறு என்று சொல்லிவிட்டு எழுந்து போக என்னால் முடியவில்லை. கடன், குடி, பணம் கட்டி ஆடும் ஆட்டம், வீட்டுத் திண்ணையிலேயே இருக்கும் விஷம், இந்த நாலுக்கும் பின்னால் விற்கிறவர் ஒருவர் இருக்கிறார், அவருக்கு மாதாமாதம் டார்கெட் இருக்கிறது.

லான்செட் மருத்துவ இதழ் 2023-ல் இதற்கென்றே ஒரு கட்டுரைத் தொடர் போட்டது. புகையிலை, மது, உடம்பைக் கெடுக்கும் தின்பண்டம், நிலக்கரி பெட்ரோல் வகை எரிபொருள் ஆகிய நாலு தொழில்கள் மட்டுமே உலகச் சாவுகளில் குறைந்தது மூன்றில் ஒரு பங்குக்குக் காரணம் என்று அதில் சொல்லியிருந்தார்கள். தற்கொலையையும் அதே கண்ணால் பார்க்க வேண்டும் என்பதுதான் நான் சொல்ல வருவது. யாருடைய விற்பனையையும் தொடாத தடுப்பு வேலைக்கு மேடையும் பேனரும் பணமும் தாராளமாகக் கிடைக்கின்றன. விற்பனையில் கை வைக்கிற தடுப்பு வேலை என்றால் கமிட்டி, கோர்ட், கருத்துக் கேட்பு என்று வருஷக்கணக்கில் இழுக்கிறது. அந்த வருஷங்களில் போகிறவர்கள் நம் ஊர்க்காரர்கள்.

நீங்கள் டாக்டரா?

இல்லை. ஒன்பது வருஷம் குறிஞ்சிப்பாடி பக்கம் சித்தப்பாவின் உரக்கடையில் கல்லாவில் உட்கார்ந்தவன். கம்பெனி ரெப் வருவார், சீசனுக்கு இத்தனை பெட்டி எடுத்தால் தங்கக் காசு, இன்னும் இத்தனை எடுத்தால் வெளிநாட்டு டூர் என்பார். விவசாயி மஞ்சள் பூத்த இலையைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து, "தம்பி, இதுக்கு என்னப்பா அடிக்கிறது?" என்று கேட்பார். எந்தப் பெட்டி தேங்கிக் கிடந்ததோ அதிலிருந்து எடுத்துக் கொடுத்திருக்கிறேன். அதுவும் கடனுக்கு வாங்குகிறவர் என்றால் மறுபேச்சு பேசவே மாட்டார், கொடுத்ததை வாங்கிக்கொண்டு போவார். இதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

நம் வாயில் அதற்குப் பெயரே மருந்து. மருந்து அடிக்கிறேன், மருந்து வாங்கப் போகிறேன் என்கிறோம். குழந்தைக்கு ஊற்றும் இருமல் மருந்துக்கும் அதே சொல். இயற்கை விவசாயம் பேசுகிறவர்கள் பூச்சிக்கொல்லி என்று சொல்லுங்கள் என்று விடாமல் கேட்பதில் அர்த்தம் இருக்கிறது. மருந்து என்றால் யாரும் அதை எட்டாத உயரத்தில் வைக்க மாட்டார்கள்.

முடிவு எடுத்துவிட்டவர் இது இல்லாவிட்டால் வேறு வழி தேட மாட்டாரா?

எல்லாரும் கேட்கும் கேள்வி இது. இதற்கான பதில்தான் எனக்கும் கண்ணைத் திறந்தது. பெரும்பாலானவர்களுக்கு அந்த வேகம் சில நிமிஷமோ சில மணி நேரமோதான். அந்த நேரத்தில் கைக்கு எட்டுவது கொடியதாக இருந்தால் ஆள் போய்விடுகிறார், கொடியது எட்டாவிட்டால் பிழைக்கிறார். அப்படிப் பிழைத்தவர்களில் மிகப் பெரும்பாலானோர் பிற்பாடு தற்கொலையால் இறப்பதில்லை, பல நாட்டு ஆராய்ச்சிகளும் இதையே சொல்கின்றன.

எங்கள் கடையில் கணக்கு வைத்திருந்த ஒருவர் அப்படி ஒரு ராத்திரியைத் தாண்டி, இருபது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து மீண்டு வந்தார். மூன்று மாதம் கழித்துப் பாக்கியைக் கொடுக்கக் கடைக்கு வந்தபோது கழுத்து வற்றிப்போயிருந்தது, சட்டை தொளதொள என்று தொங்கியது. பணத்தை எண்ணி வைத்துவிட்டு, கடனும் சண்டையும் இன்னும் அப்படியேதான் இருக்கு தம்பி, ஆனா அன்னிக்கு மாதிரி இன்னிக்குத் தோணல, அன்னிக்கு அது வீட்டுல இல்லாம இருந்திருந்தா அழுதுட்டுத் தூங்கியிருப்பேன் என்றார். நோட்டில் அவர் பக்கத்தில் பாக்கி இல்லை என்று சித்தப்பா எழுதியதை நான் பார்த்துக்கொண்டே நின்றேன். அந்த வருஷம்தான் கடையை விட்டு வந்தேன்.

அப்படியென்றால் கொடிய பூச்சிமருந்துகளைத் தடை செய்தால் தற்கொலை குறையும் என்கிறீர்களா? எங்கேயாவது குறைந்திருக்கிறதா?

இலங்கையில் குறைந்தது. 1980-களிலிருந்து ஒவ்வொன்றாகத் தடை போட்டு, 1995-ல் மிகக் கொடிய வகை முழுவதையும் நிறுத்தி, 1998-லும் 2008-க்குப் பிறகும் இன்னும் சிலவற்றை நிறுத்தினார்கள். 1995-ல் உலகிலேயே மிக அதிகமான தற்கொலை விகிதம் இருந்த நாடுகளில் அது ஒன்று. இருபது வருஷத்தில் சுமார் 70 சதவீதம் குறைந்துவிட்டது. 1995 முதல் 2015 வரை ஏறத்தாழ 93,000 உயிர்கள் காப்பாற்றப்பட்டிருக்கும் என்பது ஆய்வாளர்களின் மதிப்பீடு. அந்தக் காலத்தில் இலங்கையில் போர் நடந்தது, சுனாமி வந்தது, வறுமை இருந்தது. மக்களின் துன்பம் ஒன்றும் தீர்ந்துவிடவில்லை, கைக்கெட்டும் பொருள்தான் மாறியது. தென்கொரியாவும் வங்கதேசமும் அதே வழியில் போய்ப் பலன் கண்டன.

விளைச்சல் விழுந்துவிடாதா? இலங்கை அதனால்தானே கெட்டது?

இரண்டு விஷயத்தைப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். 2021-ல் அங்கே ரசாயன உரம் உட்பட எல்லாவற்றையும் ஒரே ராத்திரியில் நிறுத்தினார்கள், நெல்லும் தேயிலையும் அடிவாங்கின, அதே வருஷ நவம்பரில் திரும்பப் பெற்றார்கள். நான் சொல்வது அதற்கு இருபத்தைந்து வருஷத்துக்கும் மேல் முன்னே தொடங்கியது. ஆளைக் கொல்லும் சிலவற்றை மட்டும் நிறுத்தி, கொடுமை குறைந்த மாற்றுகளை விட்டுவைத்தார்கள். அந்த நடவடிக்கையால் நெல் விளைச்சல் விழவில்லை. உரக்கடை அனுபவத்தில் சொல்கிறேன், அலமாரியில் ஒரே பூச்சிக்கு ஏழெட்டு வகை இருக்கும். அதில் இரண்டை எடுத்துவிட்டால் பூச்சி ஜெயித்துவிடாது.

பிறகு ஏன் இந்தியாவில் செய்யவில்லை?

2020 மே மாதம் மத்திய அரசு 27 பூச்சிமருந்துகளைத் தடை செய்வதாக வரைவு அறிவிக்கை வெளியிட்டது. தொழில் தரப்பிலிருந்து எதிர்ப்பு வந்தது, ஏற்றுமதி போகும், வேலை போகும், விவசாயிக்குச் செலவு கூடும் என்றார்கள். கமிட்டி போட்டார்கள். 2023-ல் இறுதி உத்தரவு வந்தபோது பட்டியலில் மிகச் சிலதான் மிஞ்சியிருந்தன. மூன்று வருஷத்துக்கு மேல் போய்விட்டது.

சரி, மாநிலம் செய்யலாமே என்றால், 1968-ம் வருஷப் பூச்சிமருந்துச் சட்டப்படி மாநில அரசு சுமார் 60 நாளைக்குத்தான் நிறுத்திவைக்க முடியும். தமிழ்நாடு அரசு 2023 தொடக்கத்தில் ஆறு பொருட்களை அப்படி 60 நாள் நிறுத்தியது. தற்கொலையைக் குறைக்க வேண்டும் என்று வெளிப்படையாகச் சொல்லியே செய்தது, அதற்கு மனதாரப் பாராட்டு. ஆனால் 60 நாள் என்பது ஒரு குறுவைக்குக்கூடக் காணாது. நம் சிப்காட்டிலேயே பூச்சிமருந்து தயாரிக்கும் ஆலைகள் இருக்கின்றன, அதில் வேலை பார்க்கும் குடும்பங்கள் எனக்கும் தெரிந்தவர்கள்தான். அவர்களுக்கு வேறு பொருள் தயாரிக்க வழிகாட்டிக் கால அவகாசம் கொடுப்பது அரசின் வேலை. அந்தக் குடும்பங்களைக் காட்டித் தடையைத் தள்ளிப்போடுவது சரியில்லை.

பெட்டியில் வைத்துப் பூட்டினால் போதாதா?

கம்பெனிகள் தரப்பில் எப்போதும் வருகிற யோசனை இது, பாதுகாப்பாக வையுங்கள், பயிற்சி எடுங்கள் என்று. பூட்டினாலும் விற்பனை குறையாதே. இலங்கையில் 180 கிராமங்களில் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்களை வைத்து இதைச் சோதித்துப் பார்த்தார்கள். வீட்டிலேயே பூட்டுப் பெட்டி கொடுத்ததால் தற்கொலை முயற்சி குறைந்ததற்கு ஆதாரம் கிடைக்கவில்லை, 2017-ல் முடிவு வெளியானது. சாவி வீட்டில்தானே தொங்குகிறது.

நம் மாவட்டத்தில் நடந்தது வேறு மாதிரி, அதைப் பெருமையாகவே சொல்வேன். சென்னையில் 1986-ல் டாக்டர் லட்சுமி விஜயகுமார் தொடங்கிய ஸ்நேகா என்ற தற்கொலைத் தடுப்பு அமைப்பினர், காட்டுமன்னார்கோயில் பகுதியில் பூ விவசாயம் செய்யும் கிராமங்களில் பேங்க் லாக்கர் மாதிரிப் பொதுக் கட்டடம் கட்டி, பூச்சிமருந்தை வீட்டில் வைக்காமல் அங்கே பூட்டிவைக்கச் செய்தார்கள். 2013-ல் முடிவு வெளியானது. சின்ன ஆய்வுதான், ஆனாலும் பலன் தெரிந்தது, ஜனங்களும் ஏற்றுக்கொண்டார்கள். ராத்திரி பன்னிரண்டு மணிக்கு வீட்டில் அது இல்லை, அவ்வளவுதான் சூட்சுமம். கூட்டுறவுச் சங்கம் இருக்கிற ஊரில் எல்லாம் இதைச் செய்யலாம். தடை வருகிற வரைக்கும்தான் இது. தடைக்குப் பதிலாக இது என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது.

குடியைப் பற்றிச் சொல்லுங்கள். விற்பதே அரசாங்கம்தானே?

ஆமாம், அதனால்தான் இங்கே சிக்கல் அதிகம். தமிழ்நாட்டில் 2003 நவம்பரிலிருந்து சில்லறை விற்பனை முழுக்க டாஸ்மாக் கையில். 2023-24-ல் மட்டும் அதன் வருவாய் 45,000 கோடியைத் தாண்டியது. தற்கொலையைத் தடுக்க வேண்டிய துறைக்குச் சம்பளம் போடும் கஜானாவுக்கே குடியிலிருந்து பணம் வருகிறது. ஆல்பேட்டை தாண்டிப் போனால் பாண்டி எல்லையில் முள்ளோடை, கன்னியக்கோயில், அங்கே விலை இன்னும் குறைவு. கடலூர்க்காரனுக்கு விலையைப் பார்த்துப் பின்வாங்கும் கட்டாயமே இல்லை. கொரோனா நேரத்தில் புதுச்சேரி அரசு சிறப்பு வரி போட்டு இரண்டு பக்க விலையையும் சமமாக்கியது, ஆகவே மனசு வைத்தால் முடியும் என்பது நமக்கே தெரியும்.

மது எளிதில் கிடைப்பதும் தற்கொலையும் சேர்ந்தே ஏறி இறங்குவதற்கு வலுவான உதாரணம் சோவியத் நாடு. 1985-ல் கோர்பச்சேவ் மதுவைக் கட்டுப்படுத்தியபோது தற்கொலை கணிசமாகக் குறைந்தது, கட்டுப்பாடு தளர்ந்ததும் திரும்ப ஏறியது. மொத்தமாக மூடு என்று நான் கேட்கவில்லை. 2023-ல் மரக்காணம், 2024-ல் கள்ளக்குறிச்சி இரண்டையும் பக்கத்திலிருந்து பார்த்தவர்கள் நாம், கள்ளச்சாராயம் அறுபதுக்கும் மேற்பட்டவர்களைக் கள்ளக்குறிச்சியில் மட்டும் கொண்டுபோனது. கடை எண்ணிக்கை, திறக்கும் நேரம், விலை, பஸ் ஸ்டாண்டிலிருந்து எவ்வளவு தூரம், இவை எல்லாம் பொதுச் சுகாதார முடிவுகள். இவற்றைத் தீர்மானிக்கும் கூட்டத்தில் ஒரு மனநல மருத்துவர் உட்கார வேண்டும். குடியிலிருந்து மீள நினைப்பவருக்கு ஜிப்மரிலும் கடலூர் அரசுத் தலைமை மருத்துவமனையிலும் மனநலப் பிரிவு இருக்கிறது.

ஆன்லைன் ரம்மி இப்போது இல்லையே?

எத்தனை சுற்று கோர்ட் ஏறி இறங்கி அந்த இடத்துக்கு வந்தது என்பதைப் பாருங்கள். தமிழ்நாடு 2020 நவம்பரில் அவசரச் சட்டம் போட்டது. அதற்குப் பின் வந்த சட்டத்தை 2021 ஆகஸ்டில் உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. நீதிபதி சந்துரு குழு அறிக்கை கொடுத்து, புதுச் சட்டம் எழுதி, ஆளுநர் திருப்பி அனுப்பி, மறுபடி நிறைவேற்றி 2023 ஏப்ரலில்தான் அமலுக்கு வந்தது. நவம்பரில் ரம்மியும் போக்கரும் திறமை விளையாட்டு என்று அந்தத் தடையிலிருந்து கழன்றன. கடைசியில் 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளை நாடு முழுவதும் தடை செய்தது, கம்பெனிகள் அதையும் எதிர்த்து நீதிமன்றம் போயின. அந்த ஐந்து வருஷமும் கிரிக்கெட் நடுவே நடிகர்களும் வீரர்களும் விளம்பரத்தில் சிரித்துக்கொண்டிருந்தார்கள், கீழே பொடி எழுத்தில் எச்சரிக்கை ஓடியது. பொறுப்புடன் விளையாடுங்கள் என்ற அந்த ஒரு வரிதான் தடுப்பு நடவடிக்கை என்று காட்டப்பட்டது. தோற்றவன் பொறுப்பில்லாதவன் என்று ஆகிவிட்டது.

குழு லோன், ஆப் லோன் நெருக்கடி?

கூட்டங்களில் பெண்கள் தனியாக வந்து கேட்பது இதைத்தான், அதுவும் ஆண்கள் வெளியே போன பிறகு. தெரிந்துகொள்ள வேண்டியதை மட்டும் சொல்கிறேன். ரிசர்வ் வங்கி விதிப்படி வசூலுக்குக் காலை 8 மணிக்கு முன்னும் மாலை 7 மணிக்குப் பின்னும் போன் செய்யக் கூடாது, மிரட்டக் கூடாது, அசிங்கப்படுத்தக் கூடாது. குடும்பத்தின் கடன் தவணைகள் எல்லாம் சேர்ந்தும் மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது என்று நுண்கடனுக்கு 2022-ல் விதி வந்தது. நடைமுறையில் ஒரே தெருவில் நாலு கம்பெனி கொடுக்கிறது, ஒன்றை அடைக்க இன்னொன்று வாங்குகிறார்கள். 2025-ல் தமிழ்நாடு சட்டமன்றம் கட்டாய வசூலுக்கு எதிராகத் தனிச் சட்டமே நிறைவேற்றியது. வீட்டு வாசலில் உட்கார்ந்து கத்துகிறவர் சட்டத்தை மீறுகிறார், நீங்கள் இல்லை. போலீசில் சொல்லலாம். கடன் வாங்கியது குற்றம் இல்லை என்பதைப் பக்கத்து வீட்டு அக்காவுக்கும் சொல்லுங்கள்.

பத்திரிகை, யூடியூப்?

பார்வைக்குக் காசு வருகிறது, அழுகிற தாயின் முகத்துக்குப் பார்வை அதிகம். 1987-ல் வியன்னாவில், மெட்ரோ ரயிலில் நடந்தவற்றை எப்படி எழுதக் கூடாது என்று பத்திரிகைகள் ஒரு நெறிமுறையை ஏற்றுக்கொண்ட பிறகு அங்கே அந்தச் சாவுகள் பெருமளவு குறைந்தன. நம் நாட்டில் பிரஸ் கவுன்சில் 2019-ல் நெறிமுறை வெளியிட்டது: பரபரப்பாகத் தலைப்பு போடாதே, முறையை விவரிக்காதே, படமும் வீடியோவும் போடாதே. யூடியூப் சேனல்களை அது கட்டுப்படுத்தாது. அப்படி ஒரு வீடியோ வந்தால் பகிராதீர்கள், ரிப்போர்ட் செய்யுங்கள்.

செயலி மூலம் கவுன்சலிங் எடுக்கலாமா?

எடுக்கலாம், ஆனால் உங்கள் பேச்சு யாரிடம் போகிறது என்று கேட்டுவிட்டு. அமெரிக்காவில் பெட்டர்ஹெல்ப் என்ற கவுன்சலிங் கம்பெனி, வாடிக்கையாளர்களின் தகவலை விளம்பரத்துக்காக ஃபேஸ்புக் போன்றவற்றுக்குக் கொடுத்தது என்று அரசு வழக்குப் போட்டது, 2023-ல் கம்பெனி 78 லட்சம் டாலர் கட்ட ஒப்புக்கொண்டது. அங்கேயே கிரைசிஸ் டெக்ஸ்ட் லைன் என்ற லாப நோக்கில்லாத உதவி அமைப்பு, நெருக்கடியில் வந்தவர்களின் உரையாடலை அடையாளம் நீக்கி ஒரு வியாபார நிறுவனத்துக்குக் கொடுத்தது 2022 ஜனவரியில் வெளியே வந்தது. கண்டனம் எழுந்த சில நாளில் நிறுத்திக்கொண்டார்கள். சாகலாமா என்று ஒருவர் நடுராத்திரி எழுதிய வார்த்தைகளை எடுத்து வியாபாரம் செய்ய யாருக்கும் மனசு வரக் கூடாது.

மருந்துக் கம்பெனிகளும் அப்படித்தானே, மன அழுத்த மாத்திரையை நிறுத்திவிடவா?

நிறுத்தாதீர்கள். கம்பெனிகள் தவறு செய்திருக்கின்றன, கிளாக்ஸோ 2012-ல் 300 கோடி டாலர் கட்டியதில் சிறுவர்களுக்கு அனுமதியில்லாத மாத்திரையை விளம்பரப்படுத்திய குற்றமும் ஒன்று. ஆனால் அது உங்கள் சீட்டில் இருக்கும் மாத்திரையை நீங்களாகவே விடுவதற்குக் காரணம் ஆகாது, திடீரென்று விட்டால் ஆபத்து. சந்தேகம் இருந்தால் எழுதிக் கொடுத்த டாக்டரிடமே கேளுங்கள். இன்னொரு விஷயம், 2017 மனநலச் சட்டப்படி உடம்பு நோய்க்கு நிகராக மனநோய்க்கும் மருத்துவக் காப்பீடு கொடுத்தாக வேண்டும். ஏஜெண்ட் இல்லை என்றால் எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள்.

எங்கள் விழிப்புணர்வு நிகழ்ச்சிக்குக் கம்பெனி பணம் தருகிறது. வாங்கலாமா?

பூச்சிமருந்து, மது, பணம் கட்டும் விளையாட்டு, கடன் ஆப், இந்த நாலு பேரிடம் வாங்காதீர்கள். டீ, பிஸ்கட், டிஷர்ட் எல்லாம் கிடைக்கும், ஆனால் அப்புறம் மேடையில் அவர்கள் பொருளைப் பற்றி வாய் திறக்க முடியாது, யாரும் தடுக்காமலேயே உங்கள் நாக்கு கட்டிக்கொள்ளும். ஜவுளிக்கடை, ஸ்வீட் கடைக்காரர் கொடுத்தால் வாங்கிக்கொள்ளலாம். பண்ருட்டியில் ஒரு கூட்டத்துக்கு உரக்கடைக்காரர்கள் சங்கம் பந்தல் போட்டுத் தருவதாகச் சொன்னபோது நன்றி சொல்லி மறுத்தோம். பலாமரத்து நிழலில் நடத்தினோம், வந்தவர்கள் தரையில் உட்கார்ந்து மூன்று மணி நேரம் பேசினார்கள்.

எங்கள் வீட்டில் ஒருவரைப் பார்த்தால் பயமாக இருக்கிறது. என்ன செய்ய?

நேராகக் கேளுங்கள். "செத்துப்போயிடலாம்னு தோணுதா?" என்று கேட்பதால் இல்லாத எண்ணம் வந்துவிடாது, யாராவது கேட்க மாட்டார்களா என்று பலர் காத்திருக்கிறார்கள். புத்தி சொல்லாமல் கேளுங்கள். தனியாக விடாதீர்கள். 2017 சட்டத்துக்குப் பிறகு முயற்சி செய்தவரைக் கடும் மன உளைச்சலில் இருந்தவர் என்றே சட்டம் கருதுகிறது, தண்டிக்காது, ஆகவே போலீஸ் கேஸ் ஆகும் என்று பயந்து ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இருக்காதீர்கள். 14416-க்கு நீங்களே போன் செய்து, வீட்டில் ஒருவர் இப்படி இருக்கிறார் என்று யோசனை கேட்கலாம். வயல் மருந்து வீட்டில் இருந்தால் இன்றைக்கே, விளக்கு வைப்பதற்கு முன்னால், வாங்கிய கடையில் கொண்டுபோய் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். கடைக்காரர் முணுமுணுத்தாலும் வாங்கி வைப்பார், நான் வாங்கி வைத்திருக்கிறேன்.